இரண்டரை மணி நேரம்

நாகமரைத் துறையிலிருந்து கிளம்பினால்
போன வருஷம் ஆறு மணி நேரம் ஓடும்.
இப்போது இரண்டரை.
வலை இறக்கும்வரை தெம்பாய் இருக்கிறது மோட்டார்,
எடுக்கும்போது முனகத் தொடங்கி
நடுத்தண்ணீரில் என்னை விட்டுவிட்டு
உறங்கிப் போகிறது.

பிறகு துடுப்பு. தோள்பட்டை.
ஐஸ் தீர்ந்த பெட்டியில் பன்னிரண்டு கிலோ ஜிலேபி,
வெயில் ஏற ஏற
விலை இறங்க இறங்க.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம்.
பாட்டரி கிழடாயிடுச்சு என்றான் கொழுந்தன்.
தண்ணி குறைஞ்சிருக்கும் என்றது பக்கத்துப் பரிசல்.
ஆறு அறையையும் திறந்து
டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன், மருந்து புகட்டுவதுபோல.
முனையில் பூத்திருந்த பச்சையைச்
சோடா உப்பும் பழைய பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தேன்.
கால் மணி நேரம் கூடியது.
அந்தக் கால் மணிக்குக் காரணம்
தான் சுற்றிப்போட்ட மிளகாய்தான் என்கிறாள் நாத்தனார்.

ஏரியூர் இம்தியாஸ் கடைக்கு
மொபெட்டின் முன்னால் வைத்துக் கொண்டுபோனேன்,
இருபத்தேழு கிலோ, முழங்காலில் இடித்துக்கொண்டே.
மீட்டரை வைத்துப் பார்த்தான்:
பன்னிரண்டு புள்ளி ஆறு.
கம்பியைச் சூடாக்கி லோடு கொடுத்தும் பார்த்தான்.
"யக்கா, இது தாங்குது.
தின்றவனைப் பாரு. போடுறவனைத் திட்டாத."

இரண்டு கிலோ கட்லாவை ஈடாய் வாங்கிக்கொண்டு
கிளாம்ப் மீட்டரை ஒரு நாளைக்குக் கொடுத்தான்.

மூன்றாம் வேகம். முப்பத்து நாலு ஆம்பியர்.
மோட்டாரோடு வந்த தாளில் இருபத்திரண்டு.
மிச்சப் பன்னிரண்டை யார் தின்கிறார்கள்?
தண்ணீரைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

வயரைத் தொட்டேன், கை சுடவில்லை.
படகில் பாரமும் இல்லை.
மோட்டாரைத் தூக்கி
விசிறியைப் பிடித்திருந்த ஒரே நட்டைக் கழற்றினேன்.

உள்ளே, தண்டைச் சுற்றி,
ரூபாய்க் காசு கனத்துக்கு
இறுகிப்போன நைலான். நீலம்.
பிளேடால் கீறினேன். இழுத்தேன். வந்தது.
இரண்டு பாகம், மூன்று பாகம்.
நாலாவதில் ஒரு முடிச்சு.

இடதுகைக்காரி போடும் முடிச்சு.
இந்தக் கரையில் இடதுகைக்காரி
நான் ஒருத்திதான்.

பங்குனியில் ஒரு வலை காணாமல் போனது எனக்கு.
சொசைட்டி ஆபீஸ் வாசலில், எடைபோடும் நேரத்தில்,
பண்ணவாடி ராசாக்கண்ணுவைத்
திருடன் என்று சொன்னேன்.
அவன் வாய்பேசவில்லை.
பரிசலைக் கரைக்கு இழுத்துக்
கவிழ்த்துக் காட்டினான்.
உள்ளிருந்து கொஞ்சம் தண்ணீரும்
ஒரு பீடிக்கட்டும் விழுந்தன.

இருட்டில் என் வலைமேல் நானே ஏறி
மிதவைக் கயிற்றை நானே அறுத்து
அதன் வாலை நானே
இத்தனை மாசமாய்ச் சுற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இப்போது இருபத்து மூன்று ஆம்பியர்.
நாலே முக்கால் மணி நேரம் ஓடுகிறது.
தினம் அடிவரை உறிஞ்சின பாட்டரி
பழைய ஆறுக்குத் திரும்பாது என்கிறான் இம்தியாஸ்.
பரவாயில்லை.

அந்தக் கரைக்குப் போய்த் திரும்ப
சார்ஜ் போதாது என்று
எனக்கு நானே சொல்லிவந்தேன்.
இப்போது போதும்.
அதுதான் சிக்கல்.

நேற்று விடியலில் போனேன்.
கோடையில் நந்தி தலைகாட்டும் பக்கம்
அவன் வலை உதறிக்கொண்டிருந்தான்.
மோட்டாரை அணைத்தேன்.
நீலச் சுருள் டிபன் டப்பாவில், டப்பா மடியில்.

என்னைப் பார்க்காமல் மோட்டாரைப் பார்த்தான்.
"முனகல் நின்னுடுச்சு போல."

"நூல் சுத்தியிருந்துது."

"யாரு நூலு?"

டப்பா மூடி
கொஞ்சம் இறுக்கம்.
இடது கையால் திறந்துகொண்டிருந்தேன்.